வத்தல் மீது விழுந்த பழி

நெல்லையில் சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி, கொக்கிரகுளத்தை ஒட்டி வண்ணார்பேட்டைக்குள் வருகிறவர் கண்ணில் முதலில் படுவது மருத்துவமனைப் பலகைகள்தான். இதயம், சிறுநீரகம், நரம்பு, எலும்பு என்று உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கட்டடம். சங்கரன்கோவில், தென்காசி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, திசையன்விளை என்று நாலா பக்கத்து ஊர்க்காரர்களும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டோ தலைசுற்றலோடோ இங்கே வந்து இறங்குகிறார்கள். அவர்களோடு வருகிறவர்களை நம்பி மெஸ்கள் நடக்கின்றன. மதிய நேரத்தில் அந்த வாசல்களில் நின்றால் ஒரே பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழும்.

“அண்ணாச்சி, பேஷண்டுக்கு ஒரு சாப்பாடு கட்டுங்க. உறைப்பு ஆகாதுன்னுட்டாவ. வத்தல் போடாத கொழம்பு இருக்கா?”

“ரசத்துல நல்லமொளகுதான்மா போட்ருக்கு. அத வாங்கிட்டுப் போங்க. தொட்டுக்கிட நார்த்தங்கா வச்சித் தாரேன்.”

கட்டிக் கொடுக்கும் பொட்டலத்தில் ரசம், அவித்த காய், மோர், அப்பளம், உப்பில் ஊறிய நார்த்தங்காய்த் துண்டு எல்லாம் இருக்கும். வத்தலை, அதாவது காய்ந்த மிளகாயை, விலக்கியாயிற்று என்ற நிம்மதியோடு அதை வாங்கிப் போகிறார்கள். அதில் உப்பு எவ்வளவு என்று கேட்கிறவரை நான் பார்த்ததில்லை.

உறைப்பு தின்றால் ரத்தம் கொதிக்கும், நெஞ்சுக்கு ஆகாது என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக ஊறியது. அதற்குக் கண்முன்னே சாட்சியும் உண்டு. காரமாக ஒரு வாய் வைத்ததும் முகம் சிவக்கிறது, நெற்றி வேர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது, சிலருக்கு நெஞ்சு படபடக்கிறது. உள்ளே என்னவோ ஏறுகிறது என்று நினைக்காமல் இருக்க முடியாது. ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் மிளகாயின் உறைப்புப் பொருளைப் பற்றியும் ரத்தக்குழாயின் உள்சுவரைப் பற்றியும் தெரியவந்திருக்கிற செய்திகள் இந்தச் சாட்சியத்தை வேறு விதமாகப் படிக்கச் சொல்கின்றன. அந்தச் செய்திகளை வைத்துக்கொண்டு எதிர்த் திசையில் ஓடி, மிளகாயை இதய மருந்தாக்கி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் போகாமல், தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கவலை.

மிளகாய் நமக்குப் பழைய சொத்து அல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பு இந்தப் பொருநை வெளியின் அடுப்பங்கரைகளில் உறைப்பு என்றால் மிளகும் இஞ்சியும் திப்பிலியும்தான். இன்றைக்கு விளாத்திகுளம், புதூர் கரிசலில் மானாவாரியாக விளைகிற மிளகாயும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டும் இல்லாமல் நம் சமையல் இல்லை. வந்து சேர்ந்த சில நூறு ஆண்டுகளில் இவ்வளவு முழுமையாக நம்மவராகிவிட்ட வேறொரு காயைச் சொல்வது கடினம்.

உறைப்பு விதையில் இருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். அது உருவாகும் இடம் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சதை. விதைக்கு அது ஒட்டுவாரொட்டியாக வருவது. அந்தச் சதையில் சுரக்கும் பொருள்களில் முதன்மையானது கேப்சைசின். அடுத்தது டைஹைட்ரோகேப்சைசின். மிளகாயின் உறைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இந்த இரண்டும்தான். 1876இல் ஜான் கிளாஃப் திரெஷ் என்ற ஆங்கிலேயர் ஏறக்குறையத் தூய நிலையில் பிரித்தெடுத்து அந்தப் பெயரை வைத்தார். 1919இல் அதன் வேதியமைப்பு தெளிவானது. தண்ணீரில் அது கரையாது, கொழுப்பில் கரையும். வாய் எரியும்போது தண்ணீரை எவ்வளவு குடித்தாலும் தீராதது இதனால்தான். தயிரோ மோரோ குடித்ததும் அடங்குவதில் பாலின் புரதத்துக்கும் பங்குண்டு. இட்லிப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்த நம் முன்னோர் இதை வேதியியல் இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

ஆனால் ஏன் எரிகிறது என்பதற்கு 1997 வரை சரியான பதில் இல்லை. அந்த ஆண்டு கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு, கேப்சைசினை அறிந்துகொள்கிற புரதத்தைக் கண்டுபிடித்தது. இன்று அதை டி.ஆர்.பி.வி.1 என்கிறார்கள். நரம்பு உயிரணுவின் தோலில் பொதிந்திருக்கும் நுண்ணிய வாய்க்கால் அது. பாளையங்கால்வாயில் மடையைத் தூக்கினால் தண்ணீர் வயலுக்குப் பாய்வதுபோல, கேப்சைசின் வந்து தொட்டதும் அது திறந்து கால்சியத்தை உள்ளே விடுகிறது. ஆச்சரியம் என்னவென்றால் அதே மடை சூட்டுக்கும் திறக்கும். ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் போதும். மிளகாயைக் கடித்தவுடன் மூளைக்குப் போகும் செய்தியும் நெருப்பைத் தொட்டால் போகும் செய்தியும் ஒன்றுதான். நாக்கு வெந்துபோவதில்லை, வெந்துவிட்டதாக நரம்பு சொல்கிறது. உடம்பு அதை நம்பித் தன்னைக் குளிர்விக்க முனைகிறது. வேர்ப்பது அதற்காக. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஜூலியஸுக்கு, ஆர்டெம் படபூட்டியனோடு சேர்த்து, 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

முகம் சிவப்பதற்கும் இங்கேதான் விடை. தூண்டப்பட்ட நரம்பு முனைகள் சில பொருள்களைக் கசியவிடுகின்றன. அவை அருகிலுள்ள சிறு ரத்தக்குழாய்களை விரியச் செய்யும். விரிந்த குழாயில் ரத்தம் கூடுதலாக ஓடுவதால் தோல் சிவக்கிறது. அழுத்தம் ஏறிவிட்டதற்கு அடையாளமாக நாம் காலங்காலமாகக் காட்டிவந்த சிவப்பு, குழாய் விரிந்ததன் அடையாளம். மிகக் காரமாகத் தின்றால் சற்று நேரம் இதயம் வேகமாகத் துடிக்கலாம், அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கலாம். வலிக்கு உடம்பு காட்டும் மறுமொழி அது. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் ரத்த அழுத்த நோய் வேறு.

அந்த நோய் குடியிருக்கும் இடம் ரத்தக்குழாய். அதன் உட்புறம் முழுவதும் ஒரே ஒரு அடுக்காக உயிரணுக்கள் பரவியிருக்கின்றன. எண்டோதீலியம் என்று பெயர். நெடுங்காலம் அதை வெறும் பூச்சு என்றே மருத்துவ உலகம் எண்ணியிருந்தது. அந்த எண்ணத்தை மாற்றியவர் நியூயார்க்கில் இருந்த ராபர்ட் ஃபர்ச்காட். முயலின் பெருந்தமனியைத் துண்டு துண்டாக நறுக்கி, அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டால் அது தளர்கிறதா சுருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சில துண்டுகள் தளர்ந்தன, சில தளரவில்லை. காரணத்தைத் தேடியபோது, நறுக்கும்போது உள்சுவர் உரசித் தேய்ந்துபோன துண்டுகள்தான் தளர மறுத்தன என்று தெரிந்தது. 1980இல் அதை வெளியிட்டார். அந்த மெல்லிய அடுக்கு ஏதோ ஒன்றைச் சுரந்து தசைக்குச் சொல்லி அனுப்புகிறது. அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது சில ஆண்டுகளில் உறுதியாயிற்று. 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல்.

நெஞ்சுவலிக்காரர் நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை வண்ணார்பேட்டையில் அறியாதவர் இருக்க முடியாது. அந்த மாத்திரை உடம்புக்குள் தருவதும் இந்த நைட்ரிக் ஆக்சைடைத்தான். நலமாக இருக்கும் எண்டோதீலியம் நாள் முழுவதும் தானாகவே இதைச் சிறிது சிறிதாகச் சுரந்துகொண்டிருக்கிறது. குழாய் இளக்கமாக இருக்கிறது, ரத்தத் தட்டுகள் சுவரில் ஒட்டாமல் நழுவுகின்றன. புகையிலை, சர்க்கரை நோய், உயர் அழுத்தம், வயது எல்லாம் இந்தச் சுரப்பைக் கெடுப்பவை. மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற நாளில் தொடங்குவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே, இந்த அடுக்கு நலியும்போதே தொடங்கிவிடுகிறது.

இப்போது மிளகாய்க்கு வருவோம். நரம்பில் கண்டுபிடிக்கப்பட்ட அதே டி.ஆர்.பி.வி.1 ரத்தக்குழாயின் உள்சுவர் உயிரணுக்களிலும் இருப்பது பின்னர் தெரிந்தது. சீனாவில் காரத்துக்குப் பேர்போன சோங்சிங் நகரில், சூ சிமிங் என்ற மருத்துவரின் குழு 2010இல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டது. பிறவியிலேயே உயர் அழுத்தம் உள்ள எலிகளுக்கு நீண்ட காலம் கேப்சைசின் கலந்த தீனி கொடுத்தார்கள். அவற்றின் குழாய்கள் முன்னைவிட நன்றாகத் தளர்ந்தன, அழுத்தம் குறைந்தது. உள்சுவர் உயிரணுவில் கால்சியம் நுழைந்ததும் நைட்ரிக் ஆக்சைடு செய்யும் நொதி விழித்துக்கொள்வதையும் காட்டினார்கள். டி.ஆர்.பி.வி.1 இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் கேப்சைசினால் அந்தத் தளர்ச்சி வரவில்லை. ஒரு ஆய்வை நம்பலாமா என்று பார்க்க இந்த மாதிரி எதிர்ச்சோதனையைத்தான் தேட வேண்டும். வழி எது என்று காட்டி, அந்த வழியை அடைத்தால் பயன் நின்றுபோவதையும் காட்டியிருக்கிறார்கள். சர்க்கரை நோய் கொண்ட சுண்டெலிகளிலும் உள்சுவரின் நலிவை கேப்சைசின் ஓரளவு தணித்ததாகப் பிறகு ஓர் ஆய்வு வந்தது. அந்தக் கடைசிச் செய்தி நம் ஊருக்கு எவ்வளவு நெருக்கமானது என்று சொல்ல வேண்டியதில்லை.

எலியோடு நிறுத்திவிட்டால் மிளகாய் மருந்தாகிவிடும். ஆனால் எலியின் தீனித்தட்டிலிருந்து மனிதனின் சோற்றுத்தட்டு வெகு தூரம்.

ஆய்வகத்தில் மனித எண்டோதீலிய உயிரணு எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1973இல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபே குழுவினர் பிரசவத்துக்குப் பின் எறியப்படும் தொப்புள்கொடியின் சிரையிலிருந்து இந்த உயிரணுக்களைப் பிரித்து, கண்ணாடித் தட்டில் வளர்க்கும் முறையை வகுத்தார்கள். இன்றும் உலகெங்கும் பெரும்பாலான சோதனைகள் இந்தத் தொப்புள்கொடி உயிரணுக்களில்தான் நடக்கின்றன. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே ஒன்பது மாதம் ரத்தம் சுமந்த குழாய், அறுத்த பிறகும் அறிவுக்குப் பயன்படுவது என் மனத்தை நெகிழச் செய்யும் செய்தி. ஆனால் அந்தத் தட்டில் கேப்சைசினை எவ்வளவு விடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வழக்கமாக விடுவது ஒரு மைக்ரோமோலாரும் அதற்கு மேலும். மில்லிலிட்டருக்கு 305 நானோகிராம் என்று கணக்கு. சாப்பிட்ட மிளகாயிலிருந்து நம் ரத்தத்தில் வந்து சேர்வது எவ்வளவு? தாய்லாந்தில் 2009இல் அளந்திருக்கிறார்கள். உடல்நலமுள்ளவர்களுக்கு 26.6 மில்லிகிராம் கேப்சைசின் அடங்கிய 5 கிராம் மிளகாயைக் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 2.47 நானோகிராம். அதுவும் ஏறக்குறைய 47 நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு, 25 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போயிற்று. ஈரல் அதை வெகு வேகமாகச் சிதைத்துவிடுகிறது. தட்டில் விடப்படுகிற அளவு நம் ரத்தத்தில் ஓடுகிற அளவைவிட 100 மடங்குக்கும் மேல். மிளகாய் ரத்தக்குழாயைக் காக்கும் என்று தலைப்புப் போடுகிற செய்தியாளர்களில் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கிறவர் மிகக் குறைவு. இந்த இடைவெளியைச் சொல்லாமல் தட்டில் நடந்ததை மட்டும் சொல்வது வாசகருக்குச் செய்கிற அநியாயம் என்றே கருதுகிறேன்.

இதற்கு நியாயமான மறுமொழி ஒன்று உண்டு. குடலின் உள்தோலையும் அதைச் சுற்றிய நரம்புகளையும் கேப்சைசின் தொடும்போது அதன் செறிவு அதிகம். அங்கிருந்து புறப்படும் நரம்புச் செய்தி வேறு இடத்தில் பலன் தரலாம். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஆண்டுக்கணக்கில் தின்பதை ஒரு வேளைச் சோதனை காட்டாது. ஏற்கிறேன். ஆனால் ‘தரலாம்’ என்பதைத் ‘தருகிறது’ என்று மாற்றிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. டி.ஆர்.பி.வி.1 எல்லா இடத்திலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. உள்சுவர் உயிரணுவில் திறந்தால் குழாய் தளரும். எலும்புத்தசைகளில் உள்ள சில சிறுதமனிகளின் தசை உயிரணுவிலேயே அது இருக்கிறது. அங்கே கால்சியம் நுழைந்தால் தசை இறுகிக் குழாய் சுருங்கும். கொரிய ஆய்வாளர்கள் 2004இல் காட்டியபடி, புதுக் குழாய்கள் முளைக்க உள்சுவர் உயிரணுக்கள் பெருகுவதைக் கேப்சைசின் தடுக்கவும் செய்கிறது. புற்றுக்கட்டிக்கு அது நல்ல செய்தி. ஆறவேண்டிய புண்ணுக்கு எப்படி என்று யோசிக்க வேண்டிய செய்தி. ஒரே பொருள், இடத்துக்கும் அளவுக்கும் ஏற்ப இத்தனை முகம்.

அளவு மீறினால் என்னாகும் என்பதற்கு மருத்துவ ஏடுகளில் பதிவு உண்டு. துருக்கியில் உடல் இளைக்க மிளகாய் மாத்திரை விழுங்கிய 25 வயது இளைஞருக்கு இதயத் தமனி இறுகி மாரடைப்பு வந்ததாக 2012இல் எழுதினார்கள். அமெரிக்காவில் ஒரு போட்டியில் கரோலினா ரீப்பர் என்ற கொடிய மிளகாயைத் தின்ற 34 வயதுக்காரருக்கு இடி விழுந்தாற்போல் தலைவலி; மூளைத் தமனிகள் சுருங்கியிருந்ததைப் படம்பிடித்து 2018இல் வெளியிட்டார்கள். சில வாரங்களில் அவை பழையபடி ஆயின. இவை அபூர்வமானவை. வீட்டுக் குழம்பைத் தின்கிறவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ‘இயற்கைப் பொருள், ஒன்றும் செய்யாது’ என்று மாத்திரையாக்கி விற்கிறவரிடம் காட்ட வேண்டியவை.

கைபேசியில் சுற்றிவரும் ஒரு செய்தியை இங்கே சொல்லியே ஆக வேண்டும். மாரடைப்பு வந்தால் ஒரு கரண்டி மிளகாய்த்தூளை வெந்நீரில் கலக்கிக் குடித்தால் ஒரே நிமிடத்தில் நின்றுவிடும் என்கிறது அது. முழுப் பொய். அடைத்துக்கொண்ட தமனியை மிளகாய் திறக்காது. வாந்தியும் எரிச்சலுமாக நோயாளி தவிக்க, 108 வண்டியைக் கூப்பிட வேண்டிய நிமிடங்கள் வீணாகும். இதயத்தசைக்கு அந்த நிமிடங்கள்தான் உயிர். திசையன்விளையிலிருந்து வண்ணார்பேட்டை வரவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் ஊர்க்காரர்கள் நாம். தெரிந்தவர் யாராவது அதை அனுப்பினால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். தவறு என்று எழுதுங்கள்.

தட்டையும் எலியையும் விட்டு மனிதக் கூட்டத்தைப் பார்த்தால் என்ன தெரிகிறது? 2015இல் வந்த சீன ஆய்வில் ஏறக்குறைய 4,87,000 பேர். வாரத்தில் 6, 7 நாள் காரமாகச் சாப்பிட்டவர்கள், வாரம் ஒருநாள்கூடச் சாப்பிடாதவர்களைவிட, ஆய்வுக் காலத்தில் இறந்தது 14 சதவீதம் குறைவு. இத்தாலியின் மொலீசே வட்டாரத்தில் 22,811 பேரைச் சுமார் 8 ஆண்டுகள் கவனித்து 2019இல் எழுதினார்கள். வாரத்தில் 4 தடவைக்கு மேல் மிளகாய் சேர்த்தவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நோயால் வந்த மரணம் 34 சதவீதம் குறைவு. எண்கள் பெரியவை. ஆனாலும் இவை காரமும் குறைந்த மரணமும் சேர்ந்திருப்பதைக் காட்டுமேயொழிய, ஒன்றால் மற்றொன்று வந்தது என்று காட்டாது. காரம் விரும்புகிறவர் வேறு எதை விரும்புகிறார், எதைத் தவிர்க்கிறார், என்ன வேலை செய்கிறார் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கும். உடம்புக்கு முடியாதவர் காரத்தைத் தானாகவே விட்டுவிடுவார்; அப்படி விட்டவர் முன்னால் இறந்தால் பழி காரமின்மைக்குப் போய்விடும்.

மனிதர்களுக்கு மிளகாய் கொடுத்துச் செய்த சோதனைகள் சிறியவை. டாஸ்மேனியாவில் 27 பேர் 4 வாரம் நாளுக்கு 30 கிராம் மிளகாய் தின்றபோது ரத்தத்தின் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் கெட்டுப்போவது தாமதமானது. கொழுப்பின் அளவு மாறவில்லை. நம் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 1980இலேயே, கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளில் மிளகாயும் கேப்சைசினும் கொலஸ்ட்ராலைக் குறைத்ததாக எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு முன்பே நம் நாட்டு ஆய்வகம் தொட்ட பொருள் இது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் மனிதச் சோதனைகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது ரத்த அழுத்தம் தெளிவாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. இதுதான் இன்றைய நிலை. வத்தல் மருந்து என்று நிரூபணம் ஆகவில்லை. குழாய்க்குப் பகை என்பதற்கும் அன்றாட அளவில் ஆதாரம் இல்லை.

அப்படியானால் பழி எங்கே போக வேண்டும்?

இந்த மண்ணின் பூகோளத்தையே பாருங்கள். விளாத்திகுளத்துக் கரிசலில் மிளகாய். கொஞ்சம் தெற்கே தூத்துக்குடி, ஆறுமுகநேரி உப்பளங்கள். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கு உப்புக் கொடுக்கும் தமிழ்நாட்டில் பெரும்பகுதி அந்தக் கரையில்தான் விளைகிறது. இரண்டும் நம் சமையலில் சேர்ந்தே நடக்கின்றன. மோர்மிளகாய் என்றால் மிளகாயைக் கீறி உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்து எடுப்பது. நாம் அதைக் காரம் என்கிறோம். அதில் ரத்தக்குழாயைத் தொந்தரவு செய்வது உப்பு. கல்லிடைக்குறிச்சி அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் உண்டு, அதுவும் சோடியம்தான். வடகம், கருவாடு, ஊறுகாய், நார்த்தங்காய் என்று எதை எடுத்தாலும் இதே கதை. என் அம்மா அழுத்த மாத்திரை சாப்பிட்ட காலத்தில், பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டுக் குழம்பில் வத்தலைப் பாதியாக்கினாள். உறைப்பு குறைந்த சோறு இறங்காமல், அப்பளத்தையும் நார்த்தங்காயையும் கூட்டினாள். அழுத்தம் குறையவில்லை. அவளுக்கு யாரும் உப்பைப் பற்றி விளக்கிச் சொல்லவில்லை. வண்ணார்பேட்டையில் இன்று படுத்திருக்கும் எத்தனையோ அம்மாக்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உப்பு மிகுந்தால் உடம்பு நீரைத் தேக்குகிறது, ரத்தத்தின் அளவு கூடுகிறது என்பது பழைய பாடம். எண்டோதீலியத்துக்கும் அது நேரடிப் பகை. மிகையான சோடியம் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பைக் கெடுக்கிறது. கேப்சைசின் எழுப்பக்கூடும் என்று நாம் நம்புகிற அதே நொதியின் வேலையைப் பக்கத்துக் கிண்ணத்து உப்பு குலைக்கிறது.

மிளகாயால் மெய்யான நன்மை வரக்கூடிய ஒரு வழி இங்கேதான் இருக்கிறது. சோங்சிங் குழு 2017இல் 606 பேரிடம் காரப் பிரியத்தையும் உப்புப் பிரியத்தையும் அளந்தது. காரத்தை மிக விரும்பியவர்கள் உப்பைக் குறைவாகத் தின்றார்கள். அவர்களுடைய மேல் அழுத்தம் சராசரியாக 8 புள்ளியும் கீழ் அழுத்தம் 5 புள்ளியும் குறைவாக இருந்தது. உப்புச் சுவையை அறியும் மூளைப் பகுதிகளும் உறைப்பை அறியும் பகுதிகளும் ஒன்றோடொன்று மேவிக் கிடப்பதையும், உறைப்பு சேர்ந்தால் குறைந்த உப்பே நாக்குக்குப் போதுமானதாகத் தோன்றுவதையும் காட்டினார்கள். இதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. நம் காரப் பண்டங்களில் பலவும் உப்புப் பண்டங்களே. ஆனால் செய்து பார்க்கத் தக்க யோசனை. உப்பைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு, அந்தக் குறையை ஒரு பச்சை மிளகாயாலோ நல்லமிளகாலோ இஞ்சியாலோ எலுமிச்சையாலோ ஈடுகட்டலாம். நெல்லைச் சொதியில் இஞ்சியும் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் ஏற்கெனவே இருக்கின்றன. உப்பை ஒரு படி இறக்கினாலும் சொதி சொதியாகவே இருக்கும்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இலிருந்து இதே ஊரில் இருக்கிறது. சித்த மருத்துவத்தின் கடும் பத்தியம் உப்பு, புளி, காரம் மூன்றையும் சேர்த்தே விலக்கச் சொன்னது. நாம் காலப்போக்கில் காரத்தை விலக்குவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு உப்பை மறந்துவிட்டோம். பத்தியத்தின் பாதியைத் தொலைத்துவிட்டு, பத்தியம் இருப்பதாக நம்புகிறோம்.

இது சின்ன விஷயம் அல்ல. 2020இல் தமிழக அரசு எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதை நான் மனதாரப் போற்றுகிறேன். மாத்திரையோடு உப்பைப் பற்றிய பேச்சும் வாசலுக்கு வர வேண்டும்.

நெஞ்செரிச்சல், குடற்புண், மூலம் உள்ளவர்கள் உறைப்பைக் குறைப்பது அவர்களுடைய வேதனைக்கு நல்லது. அதை மருத்துவர் சொன்னால் கேட்க வேண்டும். மற்ற இதய நோயாளிகளுக்கு வீட்டு அளவு வத்தலால் கேடு என்று சொல்ல ஆதாரம் காணோம். முதுமையில் நாக்கு மரத்து, பசி குறைந்து, நாலு வாய்ச் சோறு இறங்கவே தவிக்கிறவரிடம் இருக்கிற கடைசி ருசியையும் பிடுங்கிவிட்டு உப்பை மட்டும் மிச்சம் வைப்பது கொடுமை. அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மிளகாயை நம்புவது அதைவிடக் கொடுமை. கேப்சைசின் மாத்திரை, பொடி எதையும் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

மருத்துவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் ‘காரம் குறைக்கவும்’ என்று எழுதுகிற இடத்தில் உப்பின் அளவைத் தமிழில் எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும் உப்பு அது. அப்பளம், நார்த்தங்காய், மோர் எல்லாவற்றிலும் உள்ளதையும் சேர்த்து, மூன்று வேளைக்கும்.